வீடியோப் படப்பிடிப்புக்கு ஏற்ற முக்காலியும் திரவத் தலையும்

2018-ஆம் ஆண்டில் கர்நாடக மாநிலத்து மக்காச்சோள வயல்களில் படைப்புழு முதன்முதலாக இந்தியாவில் கண்டறியப்பட்டது. அடுத்த சில பருவங்களுக்குள் அது நாட்டின் பல மாநிலங்களுக்கும் பரவிற்று. இப்புழுவை மற்றப் புழுக்களிலிருந்து பிரித்தறிய இரண்டு அடையாளங்கள் உதவுகின்றன. ஒன்று, தலையில் தலைகீழான ஆங்கில ‘ஒய்’ எழுத்தைப் போல் அமைந்த வெளிர்நிறக் கோடு. மற்றொன்று, உடலின் பின்முனைக்கு அருகே சதுரத்தின் நான்கு மூலைகளைப்போல் அமைந்த நான்கு கரும்புள்ளிகள். முழு வளர்ச்சியடைந்த புழுவின் நீளமே 3 முதல் 4 சென்டிமீட்டர்தான். ஆதலின் இவ்வடையாளங்கள் மிகச் சிறியவை.

இவற்றை உழவர்களுக்குக் காட்ட ஒரு களப்பணியாளர் வீடியோப் படம் எடுக்கிறார் எனக் கொள்வோம். படம் நடுங்கினால் கோடும் புள்ளிகளும் கலங்கிப்போகும். உழவர் புழுவைத் தவறாக அடையாளம் காண்பார். தேவையற்ற மருந்தைத் தெளிப்பார், அல்லது தெளிக்கவேண்டிய தருணத்தைத் தவறவிடுவார். கற்பிக்கும் படத்தில் அசைவின்மை என்பது அழகுக்காக வேண்டப்படுவதன்று. அது செய்தியின் ஒரு பகுதியேயாகும். அந்த அசைவின்மையைத் தருவன டிரைபாட் என்னும் முக்காலியும், அதன் உச்சியில் பொருத்தப்படும் ப்ளூயிட் ஹெட் என்னும் திரவத் தலையும் ஆகும். இவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறை இங்கு விளக்கப்பெறுகிறது.

களத்தில் திரைப்படம்

வேளாண்மைச் செய்திகளைப் படமாகக் கொண்டுசெல்லும் முயற்சி நம் நாட்டுக்குப் புதியதன்று. 1967-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் டில்லித் தொலைக்காட்சியில் ‘கிருஷி தர்ஷன்’ நிகழ்ச்சி தொடங்கப்பட்டது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடந்த செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையின் மூலம் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. அக்காலத்தில் படமெடுத்தல் பயிற்சி பெற்ற ஒரு சிலரின் தொழிலாக இருந்தது. இன்றோ விரிவாக்கப் பணியாளர், சுகாதாரப் பணியாளர், பள்ளி ஆசிரியர் ஆகிய எவரும் சிறு காமிராவைக் கொண்டோ கைபேசியைக் கொண்டோ படமெடுக்க இயலும். காமிரா எளிதில் கிடைக்கிறது. அதைத் தாங்கும் கருவியைப் பற்றிய அறிவு அந்த அளவுக்குப் பரவவில்லை.

நடுக்கம் பெரிதாகத் தெரிவதேன்?

காமிராவின் சிறு அசைவு திரையில் எவ்வளவு பெரிதாகத் தோன்றும் என்பது லென்ஸின் பார்வைக் கோணத்தைப் பொறுத்தது. படத்தின் அகலம் 1,920 படப்புள்ளிகள் எனக் கொள்வோம். அகன்ற கோண லென்ஸ் கிடைவாட்டில் 60 பாகையைக் காட்டுமாயின், காமிரா ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு அசைந்தால் படம் ஏறத்தாழ 3 புள்ளிகளே நகரும். கண்ணுக்கு அது தெரிவதரிது. தொலைவிலுள்ள பொருளை அருகே கொணர லென்ஸை ‘ஜூம்’ செய்து பார்வைக் கோணத்தை 6 பாகையாகக் குறைத்தால், அதே அசைவு 32 புள்ளிகள் அளவு படத்தை நகர்த்திவிடும். லென்ஸ் எத்தனை மடங்கு உருவத்தைப் பெரிதாக்குகிறதோ, அத்தனை மடங்கு நடுக்கத்தையும் பெரிதாக்குகிறது. எனவே மரக்கிளையிலுள்ள கூட்டையோ, கதிரிலுள்ள பூச்சியையோ படமெடுக்க வேண்டியவருக்கு உறுதியான தாங்கி இன்றியமையாதது.

ஆசிரியர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. விழும் பந்தை வினாடிக்கு 30 படங்கள் வீதம் எடுத்து, அடுத்தடுத்த படங்களில் அது கடந்த தூரங்களை அளந்தால், அவை 1, 3, 5, 7 என்னும் விகிதத்தில் அமைவதை மாணவர்கள் தாமே காணலாம். ஓய்வு நிலையிலிருந்து விழும் பந்து முதல் இடைவெளியில் கடக்கும் தூரம் சுமார் 5 மில்லிமீட்டர் மட்டுமே. படத்தின் உயரம் 1,080 புள்ளிகளாகவும் அதில் தெரியும் காட்சியின் உயரம் ஒரு மீட்டராகவும் இருந்தால், ஒரு புள்ளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரைக் குறிக்கும். காமிரா 5 புள்ளிகள் அளவுக்கு நடுங்கினாலே முதல் அளவு முழுவதும் பயனற்றுப்போகும்.

முக்காலியின் கால்கள்

மூன்று கால்களையுடைய தாங்கி எத்தகைய சமமற்ற தரையிலும் ஆடாமல் நிற்கும். ஏனெனில் மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமைகின்றன. நில அளவையாளரின் தியோடோலைட் முக்காலியும் இத்தத்துவத்தைக் கொண்டதே. ஆனால் தியோடோலைட்டை நிறுத்தி வைத்தே அளவெடுக்கிறார்கள். வீடியோக் காமிராவோ படமெடுக்கும்போதே திருப்பப்படுகிறது. ஆகவே வீடியோ முக்காலி மேலிருந்து வரும் எடையைத் தாங்கினால் மட்டும் போதாது. முறுக்கு விசையையும் தாங்க வேண்டும். முறுக்கைத் தாங்காத கால்கள், காமிராவைத் திருப்பும்போது சிறிது வளைந்து, கையை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பும். அப்போது படமும் எதிர்த்திசையில் சிறிது பின்வாங்கும். தலை எவ்வளவு சிறந்ததாயினும் இக்குறையை அது நீக்காது.

இக்காரணத்தால் காலின் மேற்பகுதியில் இரட்டைக் குழல்களை உடைய முக்காலிகள் வீடியோப் பணிக்குப் பெரிதும் ஏற்றவை. காலின் மடிப்புப் பகுதிகள் எண்ணிக்கையில் குறைந்திருத்தல் நன்று. ஒவ்வோர் இணைப்பும் ஆட்டத்துக்கு இடமளிக்கும். நடுவில் உயர்த்தக்கூடிய தண்டுள்ள முக்காலிகளில் அத்தண்டை முழுதும் உயர்த்தினால், மூன்று கால்களின் உறுதி போய் ஒற்றைக் காலின் தன்மையே எஞ்சும். நடுத்தண்டை உயர்த்தாமலே காமிரா கண்மட்டத்தை எட்டுமாறு கால்களின் உயரம் இருக்க வேண்டும். பயிரின் அடிப்பகுதியைப் படமெடுக்க வேண்டியவர்கள் கால்களை அகல விரித்துத் தாழ்த்தவும் இயலுமா என்று பார்க்க வேண்டும்.

அலுமினியக் கால்கள் விலை குறைந்தவை, உழைப்பவை. கார்பன் நாரிழைக் கால்கள் எடை குறைந்தவை. அதிர்வை விரைவில் அடக்குபவை. ஆனால் விலை மிகுந்தவை. நாள்தோறும் நடந்து செல்லும் பணியாளருக்கு எடைக் குறைவு பெரும் உதவி. வண்டியில் செல்பவருக்கும் பள்ளிக்கும் அலுமினியமே போதும். கால்களைப் பூட்டுவதற்குத் திருகு வகை, நெம்பு வகை என இருவகைப் பூட்டுகள் உள்ளன. பூட்டியிருக்கிறதா என்பதைப் பார்த்த அளவில் அறிய உதவுவது நெம்பு வகையே.

கால்கள் விலகிச் சரியாமல் தடுக்கும் விரிப்பான் இரு இடங்களில் அமையலாம். தரை மட்டத்தில் அமைவது வகுப்பறை, கூடம் போன்ற சமதளங்களுக்கு ஏற்றது. காலின் நடுவில் அமைவது வரப்பு, கற்கள், புதர் உள்ள இடங்களுக்கு ஏற்றது. களப்பணியாளர் இரண்டாம் வகையையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். காலடியில் ரப்பர்க் குமிழும், அதைக் கழற்றினால் கூர்முனையும் இருப்பது மிகவும் பயன்படும்.

உராய்வுத் தலையும் திரவத் தலையும்

காமிராவை இடவலமாகத் திருப்புவதைப் ‘பான்’ என்றும், மேல்கீழாகச் சாய்ப்பதை ‘டில்ட்’ என்றும் தொழில் செய்வோர் கூறுவர். சாதாரணத் தலைகளில் உலோகப் பரப்பு ஒன்று மற்றொன்றின்மீது உராய்ந்து நகர்கிறது. ஓய்வு நிலையிலுள்ள பொருளை நகர்த்தத் தேவைப்படும் விசை, நகரத் தொடங்கிய பின் தேவைப்படும் விசையைவிட மிகுதியானது. மழைக்காலத்தில் இறுகிப்போன மர மேசையின் இழுப்பறையை இழுப்பவர் இதை அறிவார். முதலில் அது அசையாது. மேலும் பலமாக இழுத்தால் திடீரென்று குதித்து வெளிவரும். உராய்வுத் தலையிலும் இதுவே நிகழ்கிறது. மெல்லத் திருப்ப முயன்றால் காமிரா சிறுசிறு குதிப்புகளாகவே நகரும்.

திரவத் தலையினுள் நெருங்கி அமைந்த பரப்புகளுக்கிடையே பிசுபிசுப்பு மிக்க திரவம் நிரப்பப்பட்டுள்ளது. திரவத்தின் தடைவிசை வேகத்தைப் பொறுத்தது என்பது நியூட்டன் வகுத்த விதி. நிற்கும்போது தடை இல்லை. மெல்ல நகர்ந்தால் தடை சிறிது. வேகமாக நகர்ந்தால் தடை பெரிது. ஆகவே தொடக்கத்தில் குதிப்பு இல்லை. கை சற்றே நடுங்கினால், அந்த நடுக்கத்தின் வேகமான அசைவுகளைத் திரவம் அதிகமாகத் தடுத்து, மெதுவான நோக்கமுள்ள அசைவை மட்டும் அனுமதிக்கிறது. ஒரு குவளையில் தண்ணீரும் மற்றொன்றில் ஆமணக்கெண்ணெயும் வைத்து, இரண்டிலும் கரண்டியை முதலில் மெல்லவும் பின்பு வேகமாகவும் அசைத்துப் பார்த்தால் மாணவர்கள் இவ்வுண்மையைக் கையாலேயே உணர்வர்.

ஆமணக்கெண்ணெய் வெயிலில் இளகும், குளிரில் இறுகும். இக்குறையைத் தவிர்ப்பதற்காக, வெப்ப மாற்றத்தால் பிசுபிசுப்பு அதிகம் மாறாத சிலிக்கோன் திரவங்கள் இத்தலைகளில் உபயோகிக்கப்படுகின்றன. இராஜஸ்தானத்துக் கோடையிலும் இமாசலத்துக் குளிரிலும் பணிபுரிவோருக்கு இது முக்கியமான செய்தி.

இக்கருவி 1940-களில் உருவானது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த எரிக் மில்லர் 1946-ஆம் ஆண்டில் திரவத் தலைக்குக் காப்புரிமை கோரினார். அமெரிக்கப் பொறியாளர் சாட்வெல் ஓகானர், ஓடும் நீராவி ரயில்களைத் தொடர்ந்து படமெடுக்கும் விருப்பத்தால் தாமும் ஒரு திரவத் தலையை அமைத்தார். பின்னாளில் அதற்காகத் திரைப்பட அகாடமியின் தொழில்நுட்ப விருதையும் பெற்றார். அசையும் பொருளைப் பின்தொடர்வதே இக்கருவியைத் தோற்றுவித்த தேவை என்பது இதனால் விளங்கும்.

தடை வேறு, சமன் வேறு

திரவத் தடை இருந்தால் காமிரா சாயாமல் நிற்கும் என்று பலர் எண்ணுவர். இது தவறு. நிற்கும் காமிராவைத் திரவம் தாங்காது. விழும் வேகத்தை மட்டுமே குறைக்கும். காமிராவின் எடைமையம் தலையின் அச்சுக்கு மேலே இருப்பதால், சாய்த்தவுடன் அது மேலும் சாயவே முயலும்.

இரண்டு கிலோகிராம் எடையுள்ள காமிராவின் எடைமையம் அச்சுக்கு மேல் 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அதை 30 பாகை சாய்த்தால் ஏறத்தாழ 1 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை தோன்றும். கைப்பிடியின் நீளம் 30 சென்டிமீட்டராயின், அதன் முனையில் சுமார் 330 கிராம் எடையை இடைவிடாது தாங்குவதற்கு ஒப்பான உழைப்பு கைக்கு ஏற்படும். சாய்வு 60 பாகையானால் அது சுமார் 580 கிராமாகும். களைத்த கை நடுங்கும். நடுங்கினால் படமும் நடுங்கும்.

இதைத் தவிர்க்கத் தலையினுள் வில் ஒன்று அமைக்கப்படுகிறது. காமிரா சாயச் சாய வில் முறுக்கேறி அதை எதிர்த்துத் தாங்குகிறது. இதனைக் ‘கவுண்டர்பாலன்ஸ்’ என்பர்; எதிர்ச்சமன் எனலாம். எதிர்ச்சமன் சரியாக அமைந்தால், காமிராவை எந்தக் கோணத்தில் சாய்த்துக் கையை எடுத்தாலும் அது அங்கேயே நிற்கும். வில் வலுவற்றதாயின் காமிரா கீழே கவிழும்; மிக வலுவானதாயின் மேலே எழும்பி நேர்நிலைக்குத் திரும்பும்.

ஆதலின் தலையைத் தேர்ந்தெடுக்கும்போது, அது தாங்கும் மிகுதியான எடையை மட்டும் பார்த்தல் போதாது. குறைந்த எடையையும் பார்க்க வேண்டும். 4 கிலோகிராம் காமிராவுக்கென ஒரே நிலையில் அமைக்கப்பட்ட வில்லுள்ள தலையில் 200 கிராம் கைபேசியை வைத்தால், அதைச் சாய்த்து நிறுத்தவே இயலாது. “பெரிய தலையே சிறந்த தலை” என்ற கருத்து இங்குப் பொருந்தாது. காமிரா, லென்ஸ், மின்கலம், ஒலிவாங்கி, விளக்கு ஆகிய அனைத்தையும் சேர்த்து நிறுத்து, அவ்வெடை தலையின் குறைந்த, மிகுந்த எல்லைகளுக்கு நடுவே அமையுமாறு தேர்ந்தெடுப்பதே முறை. எதிர்ச்சமனையும் தடையையும் பல படிகளில் மாற்றும் வசதி இருந்தால், ஒரே தலையைப் பல காமிராக்களுக்கும் உபயோகிக்கலாம்.

மட்டம் பார்த்தல்

மட்டமில்லாத தலையில் காமிராவைத் திருப்பினால் அடிவானம் சரிந்துகொண்டே போகும். கிண்ண வடிவ உச்சியுள்ள முக்காலிகளில் தலையின் அடிப்புறம் அரைக்கோளமாக அமைந்திருக்கும். ஒரு திருகைத் தளர்த்தி, குமிழி நடுவில் வரும்வரை தலையைச் சரித்துப் பின் இறுக்கினால் சில வினாடிகளில் மட்டம் கிடைக்கும். 75 மில்லிமீட்டர், 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிண்ணங்கள் பெருவழக்கில் உள்ளன. தலையும் கால்களும் தனித்தனியே வாங்கப்படுமாயின் இவ்விரண்டின் அளவும் ஒன்றாயிருக்க வேண்டும். தட்டை உச்சியுள்ள முக்காலியில் ஒவ்வொரு காலையும் நீட்டியும் குறுக்கியுமே மட்டம் பார்க்க வேண்டும். வரப்பிலும் சரிவிலும் இது நேரத்தை விழுங்கும்.

வாங்குமுன் செய்யும் சோதனைகள்

‘ப்ளூயிட்’ என்று பெயரிட்டு விற்கப்படும் மலிவான தலைகள் சிலவற்றில் உண்மையான திரவத் தடை இல்லை. உராயும் பரப்பில் மசகு பூசப்பட்டிருக்கிறது, அவ்வளவே. பெயரை நம்பாமல், உபயோகிக்கவிருக்கும் காமிராவையே கொண்டு சென்று பின்வரும் சோதனைகளைச் செய்தல் நலம்.

முதலாவது: காமிராவைப் பொருத்தி லென்ஸின் மிகக் குறுகிய கோணத்தில் வைத்து, கைப்பிடியை ஒரு விரலால் மெல்லத் தள்ள வேண்டும். குதிப்பின்றி நகரத் தொடங்கினால் தலை நல்லது.

இரண்டாவது: ஒரு குறியின்மீது திருப்பி நிறுத்தி விரலை எடுக்க வேண்டும். படம் பின்வாங்கினால் தலையிலோ கால்களிலோ குறை உள்ளது.

மூன்றாவது: காமிராவை முன்னும் பின்னும் 30 பாகை சாய்த்துக் கையை விட வேண்டும். அப்போது ஒரு கை காமிராவைப் பிடிக்க ஆயத்தமாக இருத்தல் வேண்டும். நின்ற இடத்தில் நின்றால் எதிர்ச்சமன் பொருந்துகிறது.

நான்காவது: கால்களை முழு உயரத்துக்கு நீட்டி, ஒரு காலை விரலால் தட்டி, படத்தின் அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்று கவனிக்க வேண்டும்.

ஐந்தாவது: எல்லாப் பூட்டுகளையும் இறுக்கிவிட்டுக் கைப்பிடியை அசைக்க வேண்டும். ஆட்டம் இருக்கலாகாது.

கடையில் சோதிக்க வாய்ப்பின்றி, அலுவலகத்தின் மூலம் விலைப்புள்ளி கோரி வாங்க நேர்ந்தால், கோரிக்கைப் பட்டியலிலேயே இவ்விவரங்களை எழுத வேண்டும்: தாங்கும் குறைந்த எடையும் மிகுந்த எடையும், எதிர்ச்சமன் படிகள், பான், டில்ட் இரண்டுக்கும் தனித்தனித் திரவத் தடை, கிண்ணத்தின் விட்டம், விரிப்பானின் இடம், குறைந்த உயரமும் மிகுந்த உயரமும். “வீடியோ டிரைபாட், எண்ணிக்கை ஒன்று” என்று மட்டும் எழுதினால், விலையில் குறைந்ததே வந்து சேரும். அது அலமாரியில் உறங்கும்.

கைபேசியால் படமெடுப்போர்

கைபேசியின் எடை மிகக் குறைவு. அதற்கு வலுவான எதிர்ச்சமன் தேவையில்லை. சிறிய திரவத் தலையொன்றும், கைபேசியை உறுதியாகக் கவ்வும் இடுக்கியும் போதும். ஆனால் கால்கள் மெலிந்திருக்கலாகாது. எடை குறைந்த கருவியைக் காற்று எளிதில் அசைத்துவிடும். பணம் குறைவாயின், நகரும் காட்சிகளைத் தவிர்த்து, உறுதியான கால்களையும் சாதாரணத் தலையையும் வாங்கி, ஒவ்வொரு காட்சியையும் அசையாமல் எடுத்துப் பின்னர் இணைப்பதே அறிவுடைமை. கற்பிக்கும் படங்களில் பெரும்பாலான காட்சிகளுக்குத் திருப்புதலே தேவைப்படுவதில்லை.

களத்தில் உபயோகிக்கும் முறை

சரிவான நிலத்தில் இரு கால்களைச் சரிவின் கீழ்ப்புறத்திலும் ஒரு காலை மேற்புறத்திலும் ஊன்ற வேண்டும். சேற்று வயலில் ஒவ்வொரு காலின் அடியிலும் சிறு பலகைத் துண்டை இடலாம். காற்று வீசும்போது முக்காலியின் நடுவில் மணல்பையைத் தொங்கவிடலாம். அது ஊசலாடாமல் தரையைச் சற்றே தொட்டிருத்தல் வேண்டும்.

காமிராவைத் திருப்புமுன் காட்சி முடிய வேண்டிய இடத்தை நோக்கி உடலை நிறுத்திக்கொண்டு, தொடக்க இடத்துக்கு உடலை வளைத்துத் திரும்புதல் நன்று; அப்போது அசைவு முடியும் வேளையில் உடல் தளர்ந்து இயல்பு நிலைக்கு வரும். தொடக்கத்திலும் முடிவிலும் சுமார் 5 வினாடி காமிராவை நிறுத்தி வைக்க வேண்டும். காட்சியிலுள்ள ஒரு பொருள் திரையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பை அடைய 7 வினாடியேனும் ஆகுமாறு திருப்புவது திரைத்தொழிலில் நெடுநாளாக உள்ள வழக்கம். அதைவிட வேகமானால் உருவங்கள் கலங்கும். காமிராவில் நடுக்கத் தடுப்பு வசதி இருந்தால், முக்காலியில் வைத்துத் திருப்பும்போது அதை நிறுத்திவிடலாம். நோக்கத்தோடு செய்யும் அசைவையும் அது நடுக்கமெனக் கருதித் தடுக்க முயலும்.

பராமரிப்பு

பூட்டை இறுக்கி வைத்துக்கொண்டு காமிராவைத் திருப்பலாகாது. தலை விரைவில் பழுதாகும். எடுத்துச் செல்லும்போது காமிராவைக் கழற்றிவிட வேண்டும். பூட்டுகளையும் தளர்த்தி வைத்தல் நலம். கடற்கரையிலோ சேற்றிலோ உபயோகித்த அன்றே கால்களை நல்ல தண்ணீரில் துடைத்து, நீட்டிய நிலையிலேயே உலரவிட வேண்டும். கால்களின் இணைப்புகளில் மணல் தங்கலாகாது. வெயிலில் மூடிய வண்டியினுள் கருவியை நாள்முழுதும் விட்டுவைத்தல் கூடாது. திரவம் நிரம்பிய பகுதியை எக்காரணத்தாலும் தாமே திறந்து பார்க்கலாகாது. எண்ணெய் கசிந்தால் பழுது பார்ப்பவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

காமிராக்கள் சில ஆண்டுகளில் பழமையடைந்து மாற்றப்படுகின்றன. நன்கு தேர்ந்து, நன்கு பேணப்பட்ட முக்காலியும் தலையும் பல காமிராக்களின் காலத்தைக் கடந்து உழைக்கும். எடையை நிறுத்துப் பொருத்தம் பார்த்தல், கால்களின் உறுதிக்கு முதலிடம் தருதல், பெயரை நம்பாமல் சோதித்து வாங்குதல் என்னும் இம்மூன்றையும் கடைப்பிடித்தால், புழுவின் தலையிலுள்ள மெல்லிய கோடும் திரையில் தெளிவாக நிற்கும். அதைக் காணும் உழவர் தம் வயலிலும் அதனை ஐயமின்றி அடையாளம் காண்பார்.